பஸ் நிற்கும் அடிவாரங்கள்

காரைக்காலில் மலை இல்லை. சொல்லிக்கொள்ளும்படி ஒரு குன்றும் இல்லை. அரசலாறு கடலில் கலக்கும் இந்த 160 சதுர கிலோமீட்டர் நிலம், காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து பரப்பிய வண்டல். நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் என்று எங்கே போனாலும் வயல், வாய்க்கால், தென்னை. தலை நிமிர்ந்து பார்க்கக் கோபுரங்கள்தான் உண்டு. டெல்டாவில் பக்கத்து மலை என்றால் கும்பகோணம் அருகே உள்ள சுவாமிமலை. அதுவும் 60 படிகள் கொண்ட கட்டுமலை. ஆனால் கயிலைக்குத் தலையால் நடந்து போனவராகப் பெரிய புராணம் சொல்லும் காரைக்கால் அம்மையார் இந்த ஊர்க்காரர். ஆனி மாதத்தில் அவருக்காக நடக்கும் மாங்கனித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஊரே திரள்கிறது.

இந்தச் சமவெளியில் இருப்பவர் மலையில் நடக்க ஆசைப்பட்டால் சொந்தக் கார் தேவையில்லை. மாலையில் ரயில் ஏறினால் நள்ளிரவு தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் வாசலான கோயம்புத்தூரில் இறங்கலாம். காலையில் பஸ் ஏறினால் பிற்பகலுக்குள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நிற்கலாம். தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் ஏறும் மலைகள் பெரும்பாலும் அரசு பஸ் அடிவாரம்வரை போகும் மலைகளே. கோயில் இருந்ததால் பாதை வந்தது, பாதையில் கூட்டம் வந்ததால் பஸ் வந்தது. நடப்பவருக்குக் காரைவிட பஸ் பல இடங்களில் நல்ல துணை. காரில் வந்தவர் அதை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பஸ்ஸில் வந்தவர் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, வேறொரு ஊரில் பஸ் பிடித்து வீடு திரும்பலாம்.

ஊரைவிட்டுக் கிளம்பும் வழிகள்

பேரளத்திலிருந்து 1898-ல் காரைக்காலுக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. அது 1980-களில் மூடப்பட்ட பிறகு, 2011 டிசம்பரில் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்து சேரும்வரை இங்கே ரயிலே இல்லை. அந்த அகலப்பாதைதான் காரைக்காலை மலைகளோடு நேராக இணைத்தது. எர்ணாகுளம் போகும் டீ கார்டன் எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு வழியாக இரவோடு இரவாகக் கோயம்புத்தூரைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிறது. பெங்களூரு வண்டி மயிலாடுதுறை, கடலூர், விருத்தாசலம், சேலம், தருமபுரி என்று சுற்றிப் போகிறது. இது பகல் வண்டி. சின்னசேலத்தைத் தாண்டி ஆத்தூர் நெருங்கும்போது வலப்பக்க ஜன்னலில் கல்வராயன் மலை தொடர்ந்து வரும்.

மூன்றாவது வழி சாலை. புதுச்சேரி அரசின் பி.ஆர்.டி.சி., கும்பகோணம் கோட்ட அரசு பஸ்கள், தனியார் வண்டிகள் எல்லாம் காரைக்கால் பஸ் நிலையத்தில் ஒன்றாக நிற்கின்றன. வடக்கே சிதம்பரம், கடலூர், விழுப்புரம். மேற்கே கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி. திருச்சியில் மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-ல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. ஆனால் துறையூர்ப் பக்கத்து மலைகளுக்குப் போகும் பஸ்கள் நகரின் மறுகோடியில் சத்திரத்தில் நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே நகரப் பேருந்தில் கழியும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அன்றைய மலை தவறிவிடும்.

வடக்கே: கோட்டையும் கிரிவலமும்

ஒரே நாளில் தொடக்கூடிய தூரத்தில் இருப்பது செஞ்சி. விழுப்புரத்தில் பஸ் மாறி, செஞ்சி வழியாகப் போகும் திருவண்ணாமலை வண்டியில் ஏறினால் சாலை கோட்டையை ஒட்டியே போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் சேர்த்துக் கட்டிய கோட்டை இது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. காரைக்காலுக்கும் செஞ்சிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு: 1739-ல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் 1750-ல் செஞ்சியையும் பிடித்து, 1761-ல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை வைத்திருந்தார்கள். ராஜகிரி தரையிலிருந்து சுமார் 800 அடி உயரம். படிக்கட்டு பாறைகளுக்கு நடுவே வளைந்து ஏறி, உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான ஒரு பிளவில் வந்து நிற்கிறது. அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் வர முடியாது. அதில் நின்று கீழே பார்த்தால், இவ்வளவு சிறிய உச்சியைப் பிடிக்க ஏன் மாதக்கணக்கில் முற்றுகை போட வேண்டியிருந்தது என்பது புரியும். பிற்பகலுக்குப் பிறகு ராஜகிரி ஏற விடுவதில்லை என்பதால் காரைக்காலிலிருந்து விடியற்காலை வண்டியில் கிளம்புவதே சரி.

செஞ்சியிலிருந்து அதே சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் திருவண்ணாமலை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றும் கூட்டத்துக்காகத் தமிழகமெங்கும் சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. நடைக்காகவே அரசு இத்தனை பஸ் ஓட்டும் இடங்கள் நாட்டில் அதிகம் இருக்காது. அமைதியாக நடக்க விரும்புபவருக்கு வேறு பாதை இருக்கிறது: ரமணாசிரமத்தின் பின்னாலிருந்து கந்தாசிரமம் வரை கல் பாவிய பாதையில் ஏறி, விருபாட்ச குகை வழியாகப் பெரிய கோயில் பக்கம் இறங்கலாம். ரமணர் 1899 முதல் 1916 வரை அந்தக் குகையிலும், அதன்பின் 1922 வரை கந்தாசிரமத்திலும் இருந்தார். உச்சிக்கு ஏற அனுமதி இல்லை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலைச்சரிவு இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். கார்த்திகை மாத மழையில் பாறையும் மண்ணும் எப்படி இருக்கும் என்பதை மலைக்குப் போகும் யாரும் மறக்கலாகாது.

திருவண்ணாமலையிலிருந்து போளூர்ச் சாலையில் இன்னும் கொஞ்சம் வடக்கே பர்வதமலை. தென்மாதிமங்கலம்வரை பஸ் வரும். முதலில் படிகள், அப்புறம் காட்டு வழி, கடைசியில் பாறையில் அடித்த கடப்பாரைகளும் சங்கிலியும். உயரத்துக்குப் பயப்படுபவர் ஏறும் மலை அல்ல அது.

சேலம் வண்டியில்

பெங்களூரு ரயிலில் சேலத்தில் இறங்கினால் ஏற்காடு பஸ் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் விடும். ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் உச்சிக்குக் காபித் தோட்டங்களின் ஓரமாக நடந்தே போகலாம். கிளியூர் அருவிக்கும் நடக்கலாம். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஏற்காடு நடப்பவர்களுக்கான ஊர் அல்ல. ஏலகிரிக்கு திருப்பத்தூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பஸ் உண்டு; 14 வளைவுகளுக்கும் கவிஞர்கள், புலவர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள இன்னொரு சுவாமிமலைக் குன்று அரை நாள் நடைக்குப் போதும்.

கொல்லிமலை: ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க

டெல்டாக்காரருக்கு மிகவும் பொருந்தும் மலை எது என்று கேட்டால் கொல்லிமலையைத்தான் சொல்ல வேண்டும். தூரம் அதிகமில்லை, உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர் என்பதால் குளிரும் தாங்கக்கூடியது, மலையின் இருபுறமும் பஸ் வருகிறது.

மேற்குப் பக்கம் நாமக்கல். அங்கிருந்து செம்மேடு போகும் பஸ் காரவள்ளியில் மலையைத் தொட்டதும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. பாதி வளைவு தாண்டுவதற்குள் ஜன்னலோர இருக்கைக்குப் போட்டி வந்துவிடும். வயிறு புரட்டுபவர்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறார்கள். வளைவு முடியும் சோளக்காட்டுச் சந்தையில் பலா, மலைவாழை, மிளகு, அன்னாசி எல்லாம் விளைவித்தவர் கையாலேயே கிடைக்கும். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள் இவை. சாமையும் தினையும் இங்கே இன்றும் பயிராகின்றன. மரவள்ளியும் காபியும் வந்தபின் பரப்பு குறைந்திருக்கிறது.

செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயில்வரை பஸ் உண்டு. கோயிலுக்குப் பின்னால் ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். இந்த நடையில் இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு. அருவியில் குளித்துச் சோர்ந்த கால்களோடு அத்தனை படிகளையும் ஏற வேண்டியிருக்கிறது. சாயங்கால பஸ்ஸைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் படிகளில்தான் தவறவிடுகிறார்கள். 300 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் ஐயாறாக மலைக்குள் இறங்கி கிழக்கு அடிவாரத்தில் புளியஞ்சோலையில் வெளிப்படுகிறது.

அந்தப் புளியஞ்சோலைதான் கிழக்கு வாசல். திருச்சி சத்திரத்திலிருந்து துறையூர், துறையூரிலிருந்து புளியஞ்சோலை என இரண்டு பஸ்ஸில் வந்துவிடலாம். இங்கிருந்து ஆற்றோரமாகவும் காட்டுக்குள்ளும் ஏறி அறப்பளீஸ்வரர் கோயிலை அடையும் பழைய பாதை உண்டு. காட் ரோடு வருவதற்கு முன்னால் சமவெளிக்காரர்கள் மலைக்குப் போனதும், மலைக்காரர்கள் சுமை இறக்கியதும் இதுபோன்ற பாதைகளில்தான். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, வழி தெரிந்த உள்ளூர்க்காரரோடு காலையில் ஏறினால் பிற்பகலில் கோயில். இரவு செம்மேட்டில் தங்கல். மறுநாள் நாமக்கல் பஸ்ஸில் 70 வளைவுகளும் இறங்கி, கரூரிலோ திருச்சியிலோ காரைக்கால் வண்டி. காரில் போகிறவரால் இதைச் செய்யவே முடியாது. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது பஸ்கள் கூடுதலாக ஓடும், கூட்டமும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுப் பாதையை நினைத்தே பார்க்கக் கூடாது.

துறையூருக்கு அந்தப் பக்கம் பச்சைமலை. டாப் செங்காட்டுப்பட்டிவரை பஸ் ஏறுகிறது. கூட்டம் குறைவு, பாதைகள் எளிது. முதல்முறை மலையில் நடப்பவர் இங்கே தொடங்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து மேலே

வெள்ளியங்கிரிக்கு காந்திபுரத்திலிருந்து பூண்டி பஸ். பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்களுக்கு மலை திறந்திருக்கும். ஏழு மலைகள், ஒரு வழி சுமார் 6 கிலோமீட்டர். எண்ணிக்கையைப் பார்த்து எளிது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் மலையின் செங்குத்துப் படிகளிலேயே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் இரவில் ஏறி விடியலில் ஏழாவது மலையை அடைகிறார்கள். அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்கள். ஏறும்போது அது அழகுக்கு வாங்கியதுபோல் தோன்றும், இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான். வனத்துறையினர் பையைத் திறந்து பிளாஸ்டிக்கைத் தேடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலில் ஒட்டுத்தாள் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணத்தைத் தருகிறார்கள். லட்சக்கணக்கானோர் ஏறும் மலையில் குப்பையைக் குறைக்க இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. மற்ற மலைகளும் இதை எடுத்துக்கொள்ளலாம். 2024 கோடையில் ஏறும்போது மாரடைப்பாலும் மூச்சுத்திணறலாலும் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். இதயநோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கையை அடிவாரத்துச் சடங்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடல் மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய உடம்புக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

நீலகிரிக்கு வழி மேட்டுப்பாளையம். மலை ரயில் 1899-ல் குன்னூரையும் 1908-ல் ஊட்டியையும் எட்டியது. 2005-ல் உலக மரபுச் சின்னமானது. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவில், தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. இருக்கை கிடைப்பது அரிது. மழைக்காலத்தில் மண்சரிவால் சேவை அடிக்கடி நிற்கும். தண்டவாளத்தில் நடப்பது குற்றம், ஆபத்தும்கூட.

நடப்பவருக்கு ஊட்டியைவிட நல்லது கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே பஸ், கூட்டமும் குறைவு. 1819-ல் மேலே வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் முதலில் தங்கியது ஊட்டியில் அல்ல, இங்கே கன்னேரிமுக்கில்தான். அவர் கட்டிய பெத்தக்கல் பங்களா இன்று நினைவகம். கோத்தகிரி பஸ் நிலையத்திலிருந்து தேயிலைச் சரிவுகள் வழியே நடந்து போகும் தூரம். ஊரின் இன்னொரு பக்கம் லாங்வுட் சோலை. வெறும் 116 ஹெக்டேர். ஆனால் சுற்றுப்புற ஊர்களின் நீரூற்றுகளுக்கு இந்தச் சோலைதான் தாய்மடி. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சோலைக்குள் நுழைந்த நான்கைந்து அடியில் வெளிச்சம் பாதியாகி, காலடியில் இலைமக்கு மெத்தென்று அமுங்கும். காட்டெருமைகள் வரும் என்பதால் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் வர, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. 2024 தொடக்கத்தில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் மலைப்பகுதி பஸ்களுக்கு விரிவானது. தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்குத்தான் அதில் பெரிய பயன்.

வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல்

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டிலிருந்து வளைந்து ஏறும் சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன், 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டிய காலத்திலிருந்து, எல்லோரும் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, கூலிகள் சுமந்த நாற்காலியிலோ ஏறினார்கள். அந்தப் பக்கத்து மலைச்சரிவில், வட்டக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் நடுவே இருக்கிறது வெள்ளகவி.

தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாமல் வாழ்ந்த ஊர் அது. அரிசி, சிமெண்ட், நோயாளி எல்லாமே குதிரையிலும் தோளிலும்தான். ஊருக்குள் வீடுகளைவிடக் கோயில்கள் கண்ணில் படும். அதனால் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது வழக்கம், வெளியூர்க்காரரும் அப்படியே. வட்டக்கானலில் தொடங்கி வெள்ளகவி வரை இறக்கம். காபி, எலுமிச்சைத் தோட்டங்கள் தாண்டி கும்பக்கரை வரை மேலும் இறக்கம். 2,000 மீட்டர் உயரத்துக் குளிரில் தொடங்கும் நடை, மாந்தோப்புச் சூட்டில் முடிகிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி வித்தியாசம் என்ற பாடப்புத்தகக் கணக்கை உடம்பே உணரும். கும்பக்கரை பெரியகுளத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர்தான். பெரியகுளத்தில் திண்டுக்கல் பஸ், திண்டுக்கல்லிலிருந்து திருச்சி வழியாக ஊர். வட்டக்கானல்–வெள்ளகவி பாதை இப்போது வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் இருக்கிறது. எனவே முன்பதிவும் வழிகாட்டியும் அவசியம்.

குரங்கணிக்குப் பிறகு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு 2023-ல் மறுபடி ரயில் வந்தது. போடியிலிருந்து பஸ்ஸில் போகும் குரங்கணி, ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை இறங்கிய வழி. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் தேயிலையை டாப் ஸ்டேஷன்வரை கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கீழே இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போகும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துப் போனது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து வந்த இளைஞர்கள், பெண்கள் பலர். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதர் வெல்ல முடியாது. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. கோடைத் தீக்காலத்தில் காட்டுப்பாதைகளை மூடுவது வழக்கமானது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைபிரித்து, இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள். வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்கள் நிறைய. குரங்கணி–சாம்பலாறு, ஏற்காட்டுக் குண்டூர், ஊட்டி கெய்ர்ன் ஹில், கன்னியாகுமரி மருந்துவாழ் மலை எல்லாம் பட்டியலில் உண்டு.

இந்தத் திட்டம் தேவையானது, நன்றாகவும் யோசிக்கப்பட்டது. ஆனால் இன்னும் ஒரு படி போக வேண்டும். நடை பெரும்பாலும் காலையில் சீக்கிரம் தொடங்குகிறது. தொடங்கும் இடம் பல பாதைகளில் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி இருக்கிறது. வாடகைக் கார் வைத்து வருபவரால் மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறது என்றால், வழிகாட்டிக் கட்டணத்தைவிட வண்டிச் செலவு பெரிதாகிவிடும். ஒவ்வொரு பாதையின் பக்கத்திலும் எந்த பஸ், எந்த நிறுத்தம், திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று எழுதிவைப்பதும், நடையின் நேரத்தை முதல் பஸ்ஸோடு பொருத்துவதும் பெரிய செலவில்லாத காரியங்கள். சுவிட்சர்லாந்தில் நடைப்பாதைகள் 65,000 கிலோமீட்டர். மஞ்சள் கைகாட்டிகளில் தூரத்துக்குப் பதில் நடக்கும் நேரத்தை எழுதியிருக்கிறார்கள், பாதை முடியும் ஊரில் அஞ்சல்துறையின் மஞ்சள் பஸ் நிற்கும். ஹாங்காங்கில் 1979-ல் திறந்த 100 கிலோமீட்டர் மெக்லிஹோஸ் பாதையைப் பத்துத் துண்டாக்கியிருக்கிறார்கள். பல துண்டுகளுக்கு நகர பஸ்ஸிலேயே போய் வரலாம். மலைக் கிராமங்களுக்கெல்லாம் பஸ் விட்டிருக்கும் தமிழ்நாட்டுக்கு இது எட்டாத காரியம் அல்ல.

கடைசி வண்டி

மலை பஸ்ஸில் முதலில் விசாரிக்க வேண்டியது திரும்பும் வண்டியை. மேலே இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி டிரிப் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்; பஸ் நிலையத்துச் சுவரில் எழுதிய நேரத்தைவிட அவர் சொல்லும் நேரம் நம்பகமானது. பல மலை ஊர்களில் ‘நைட் ஹால்ட்’ வண்டி உண்டு: இரவு அங்கேயே நின்று, டிரைவரும் கண்டக்டரும் தங்கி, விடியற்காலையில் பால்கேனோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் கீழே இறங்கும். மாலை வண்டியைத் தவறவிட்டவருக்கு அதுதான் கதி. விடியும்போதே நடையைத் தொடங்க நினைப்பவர் முந்திய இரவு அதே வண்டியில் மேலேறிவிடலாம்.

நடையின் நேரத்தைக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுவது பழகியவர்களின் முறை. ஐந்து மணிக்கு வண்டி என்றால் நாலரைக்குச் சாலையில் இருக்க வேண்டும். இறங்க இரண்டு மணி நேரம் என்றால் இரண்டரைக்கு உச்சியை விட்டாக வேண்டும். அதற்குள் உச்சி வராவிட்டாலும் திரும்பிவிட வேண்டும். யானை நடமாடும் காடுகளில் இந்தக் கணக்கைத் தளர்த்தவே கூடாது. வால்பாறை போன்ற இடங்களில் பஸ் போகிறது என்பதாலேயே சாலையோரம் நடக்கலாம் என்று அர்த்தமில்லை. காரைக்கால் செருப்போடு ஈரப்பாறையில் ஏறக் கூடாது. தென்மேற்குப் பருவத்தில் அட்டைக்கு உப்போ புகையிலைத் தூளோ பையில் இருக்கட்டும். பருவத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவுகளிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொல்லிமலை, கொடைக்கானல் பக்கங்களிலும் மழை. தீக்காலத்தையும் கழித்தால் நல்ல நடைக்கு மிஞ்சுவது முக்கியமாகத் தை மாதமும் மாசியின் தொடக்கமும். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து கை ஓய்வதும் ஏறக்குறைய அப்போதுதான்.

கடல் தாண்டி

காரைக்காலுக்குத் தெற்கே 20 கிலோமீட்டர் சொச்சத்தில் நாகப்பட்டினம் துறைமுகம். அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி நின்றுபோன கப்பல் சேவை, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி வந்தது. வடகிழக்குப் பருவத்தில் நிற்கும். இதனால் சிவனொளிபாதமலையும் பொதுப் போக்குவரத்தில் எட்டும் மலையாகிவிட்டது. காங்கேசன்துறையிலிருந்து கொழும்பு ரயில். பொல்கஹவெலயில் மாறினால் மலையகப் பாதை. ஹட்டனில் இறங்கி நல்லதண்ணிக்கு பஸ். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையக ரயில் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. எனவே எதுவரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

மலையின் உயரம் 2,243 மீட்டர். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அப்போது படி நெடுக விளக்கும் தேநீர்க் கடையும் உண்டு, ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேரடி பஸ்ஸும் ஓடும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் மாற வேண்டும். பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என நான்கு சமயத்தாரும் தமதென்று ஏறும் மலை இது. சுற்றிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஊர்கள் என்பதால் வழி கேட்கத் தமிழ் போதும். ஹட்டன் பக்கம் 5,000-க்கும் மேற்பட்ட படிகள். நள்ளிரவில் தொடங்கினால் சூரியன் எழுமுன் உச்சி. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மறுபக்கம் இறங்கும் இரத்தினபுரிப் பாதை இதைவிட நீளம், கூட்டம் குறைவு, அடர்ந்த காடு. முழங்கால் தாங்குமானால் பகலில் அதில் இறங்கி, பலாபத்தலையில் பஸ் ஏறி இரத்தினபுரி, அங்கிருந்து கொழும்பு போய்விடலாம்.